மோதலுக்கு முன்னும் பின்னும்: உந்தக் கணக்கு பற்றிய வாசகர் கேள்வி – பதில்

நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்தம் என்றும், வெளிவிசை எதுவும் குறுக்கிடாதபோது மோதிக்கொள்ளும் இரு பொருள்களின் மொத்த உந்தம் மாறாது என்றும் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து நீலகிரி மாவட்ட வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றில் கணக்கிடும் முறை பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஐயா, எங்கள் தேர்வில் ஒரு கணக்கு வந்தது. 2 கிலோகிராம் நிறையுள்ள தள்ளுவண்டி வலப்பக்கமாக விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எதிரே 1 கிலோகிராம் வண்டி இடப்பக்கமாக அதே வேகத்தில் வருகிறது. மோதிய பின் பெரிய வண்டி இடப்பக்கமாக 1 மீ/வி வேகத்திலும், சிறிய வண்டி வலப்பக்கமாக 5 மீ/வி வேகத்திலும் திரும்பிச் செல்கின்றன. உந்த மாற்றம் எவ்வளவு என்பது கேள்வி. பெரிய வண்டிக்கு 6-இல் 2 போக 4 என்றும், சிறியதற்கு 5-இல் 3 போக 2 என்றும் எழுதினேன். ஆனால் இரண்டுக்கும் 8 என்பதே சரியான விடையாம். மொத்த உந்தமும் எனக்கு மோதலுக்கு முன் 9, பின் 7 என்றுதான் வருகிறது. உந்தம் மாறாது என்ற விதி இங்கே ஏன் பொருந்தவில்லை?
— பதினோராம் வகுப்பு மாணவி, கோத்தகிரி

பதில்: விதி இங்கேயும் பொருந்துகிறது. நீங்கள் திசையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால்தான் பொருந்தாததுபோல் தெரிகிறது. உங்கள் பெருக்கலிலும் கழித்தலிலும் பிழை ஏதும் இல்லை.

இத்தகைய கணக்கில் எண்களைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தாளில் ஒரு கோடு வரைந்து, அதில் எந்தப் பக்கத்தை நேர்க்குறியாகக் கொள்கிறீர்கள் என்பதை ஓர் அம்புக்குறியால் காட்டிவிடுங்கள். வலப்பக்கத்தை நேர்க்குறியாகக் கொண்டால், இடப்பக்கமாகச் செல்லும் ஒவ்வொரு திசைவேகத்துக்கும் முன்னால் கழித்தல் குறி வந்தே தீரும். இப்போது மோதலுக்கு முன் பெரிய வண்டியின் உந்தம் 2 × 3 = 6; சிறிய வண்டியின் உந்தம் 1 × (−3) = −3; மொத்தம் 3. மோதலுக்குப் பின் பெரியது 2 × (−1) = −2; சிறியது 1 × 5 = 5; மொத்தம் அதே 3. உந்தத்தின் அலகு கி.கி. மீ/வி.

மாற்றம் என்றால் எப்போதும் பின்னதிலிருந்து முன்னதைக் கழிப்பதுதான். பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது அன்று. பெரிய வண்டிக்கு −2 − 6 = −8; சிறிய வண்டிக்கு 5 − (−3) = +8. அளவில் சமம், குறியில் எதிர். நியூட்டனின் மூன்றாம் விதி சொல்வதும் இதையேதான். மோதும் வேளையில் பெரியது சிறியதை எவ்வளவு விசையுடன் தள்ளுகிறதோ, அதே விசையுடன் சிறியது பெரியதைத் தள்ளுகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரமும் ஒன்றே. ஆகவே விசையையும் நேரத்தையும் பெருக்கி வரும் உந்த மாற்றமும் இரண்டுக்கும் ஒரே அளவாகத்தான் இருக்க முடியும்.

8 என்ற எண் பெரிதாகத் தோன்றுகிறது என்றால் அதை இரண்டு கட்டமாகப் பிரித்துப் பாருங்கள். வலப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்த பெரிய வண்டியை முதலில் நிறுத்தியாக வேண்டும். அதற்கு அதனிடமிருந்த 6 முழுவதையும் எடுக்க வேண்டும். நின்ற வண்டியை எதிர்ப்பக்கமாகக் கிளப்ப இன்னும் 2 கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 8. திரும்பி வரும் பொருளின் உந்த மாற்றம், அது அப்படியே நின்றுபோனால் ஏற்படும் மாற்றத்தைவிட எப்போதும் அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

உங்களுக்கு ஆறுதலாக ஒரு செய்தி சொல்ல வேண்டும். பிரெஞ்சு அறிஞர் தெகார்த்தே 1644-இல் வெளியிட்ட தம் தத்துவ நூலில், பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கி, திசையைச் சேர்க்காமல், அதன் மொத்தம் உலகில் என்றும் மாறாது என்று வாதிட்டார். நீங்கள் 9 என்றும் 7 என்றும் கண்டது அந்த வகைக் கூட்டுத்தொகைதான். அது மாறும் என்பதை உங்கள் கணக்கே காட்டிவிட்டது. 1668-இல் இலண்டன் ராயல் சொசைட்டி, மோதலின் விதிகளைக் கண்டறிந்து எழுதுமாறு அறிஞர்களைக் கேட்டுக்கொண்டபோது வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய மூவரும் விடை அனுப்பினார்கள். திசையையும் சேர்த்துக் கூட்டினால்தான் மொத்தம் மாறாமல் நிற்கும் என்பது அந்த விடைகளிலிருந்து தெளிவாயிற்று. உலகின் முதல்தர அறிஞர்களுக்கே கால் நூற்றாண்டு பிடித்த ஒரு புள்ளியில் நீங்கள் சற்றுத் தடுமாறியதில் வியப்பில்லை. இதே கணக்கை இடப்பக்கத்தை நேர்க்குறியாகக் கொண்டு மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். குறிகள் எல்லாம் தலைகீழாகும். விடையின் அளவு 8 என்பது மட்டும் மாறாது.

கேள்வி: தனிப்பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். மோதலுக்குப் பிந்தைய வேகங்களைக் கணக்கிலேயே கொடுத்துவிட்டால் மாணவர்கள் போட்டுவிடுகிறார்கள். அவை கொடுக்கப்படாதபோது உந்த மாறா விதி ஒன்றே போதுமா?
— வாசகர், கூடலூர்

பதில்: போதாது. கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டு திசைவேகங்கள். உந்த மாறா விதி தருவதோ ஒரே ஒரு சமன்பாடு. இரண்டாவது செய்தி மோதும் பொருள்களின் இயல்பிலிருந்து வர வேண்டும். மோதுவதற்கு முன் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் எவ்வளவு, மோதிய பின் விலகும் வேகம் எவ்வளவு என்று பார்த்து, விலகும் வேகத்தை நெருங்கும் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே அந்தச் செய்தி. அது 1 என்றால் முழு மீட்சி மோதல். இயக்க ஆற்றல் (நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது) சிறிதும் வீணாகாது. 0 என்றால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகச் செல்லும். நடைமுறையில் நாம் காணும் மோதல்கள் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையில்தான் நிகழ்கின்றன.

இந்த எண்ணை நியூட்டனே சோதனை செய்து கண்டிருக்கிறார். நூலில் தொங்கவிட்ட உருண்டைகளை ஊசல்போல ஆடவிட்டு மோதச் செய்து, காற்றுத் தடையால் ஏற்படும் இழப்பையும் கழித்துக் கணக்கிட்டு, இறுகச் சுற்றிய கம்பளி உருண்டைகளுக்கு அது 9-இல் 5 பங்கு என்றும், கண்ணாடி உருண்டைகளுக்கு 16-இல் 15 பங்கு என்றும் 1687-இல் வெளிவந்த தம் பிரின்கிபியா நூலில் குறித்திருக்கிறார்.

மேலே கோத்தகிரி மாணவி எழுதியிருக்கும் கணக்கையே உங்கள் வகுப்பில் மூன்று விதமாகப் போட்டுக் காட்டலாம். அங்கே நெருங்கும் வேகம் 3 + 3 = 6; விலகும் வேகம் 1 + 5 = 6; ஆகவே அது முழு மீட்சி மோதல். அவ்வண்டிகளின் முனையில் களிமண் வைத்து ஒட்டிக்கொள்ளச் செய்தால், மொத்த உந்தம் 3-ஐ மொத்த நிறை 3-ஆல் வகுக்க, இரண்டும் வலப்பக்கமாக 1 மீ/வி வேகத்தில் செல்லும், பெரிய வண்டியின் உந்தம் 6-இலிருந்து 2 ஆகும், மாற்றம் −4. விலகும் வேகம் நெருங்கும் வேகத்தில் சரிபாதி, அதாவது 3 என்று கொண்டால், பெரிய வண்டி நின்றுவிடும், சிறியது 3 மீ/வி வேகத்தில் வலப்பக்கமாகச் செல்லும், மாற்றம் −6. இவ்வாறு 4, 6, 8 என்று உந்த மாற்றம் ஏறிக்கொண்டே போவதைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினால், மீட்சி கூடக் கூட உந்த மாற்றமும் கூடுகிறது என்பதை மாணவர்கள் சூத்திரம் இல்லாமலேயே கண்டுகொள்வார்கள். ஒட்டிக்கொள்ளும் மோதலில்தான் சேதம் அதிகம், ஆகவே உந்த மாற்றமும் அங்குதான் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அங்கே அதிகம் இழக்கப்படுவது இயக்க ஆற்றல். இந்த வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் அழுத்தமாகப் பதிய வைப்பது உங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

கேள்வி: ஸ்னூக்கர் விளையாடுவதில் ஆர்வம் உள்ளவன். வெள்ளைப் பந்தால் நின்றுகொண்டிருக்கும் சிவப்புப் பந்தை நேராக அடித்தால், சில வேளை வெள்ளைப் பந்து அப்படியே நின்றுவிடுகிறது. சில வேளை பின்தொடர்ந்து உருள்கிறது. ஓரமாகப் பட்டால் இரண்டும் இரு பக்கம் பிரிகின்றன. இவற்றில் உந்த மாற்றத்தை எப்படிக் கணக்கிடுவது?
— வாசகர், உதகமண்டலம்

பதில்: இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்திருப்பது மிகவும் பொருத்தமானது. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் இந்த ஆட்டத்துக்கு, ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் 1882-இல் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர்.

ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 140 கிராம். எல்லாப் பந்துகளும் ஒரே நிறை என்பதால் கணக்கு எளிதாகிறது. 2 மீ/வி வேகத்தில் வரும் வெள்ளைப் பந்தின் உந்தம் 0.14 × 2 = 0.28. சம நிறையுள்ள இரு பொருள்கள் முழு மீட்சியுடன் நேருக்கு நேர் மோதினால் அவற்றின் திசைவேகங்கள் இடம் மாறிக்கொள்ளும். ஆகவே வெள்ளை நிற்கிறது. சிவப்பு 2 மீ/வி வேகத்தில் புறப்படுகிறது. வெள்ளையின் மாற்றம் −0.28, சிவப்பின் மாற்றம் +0.28.

அப்படியானால் வெள்ளைப் பந்து சில வேளை பின்தொடர்வது ஏன்? மோதும் கணத்தில் அது சறுக்கிக்கொண்டு வந்ததா, உருண்டுகொண்டு வந்ததா என்பதைப் பொறுத்தது அது. உருண்டு வந்த பந்து தன் உந்தத்தைச் சிவப்புக்குக் கொடுத்துவிட்டாலும், தன் சுழற்சியைக் கொடுப்பதில்லை. நின்ற இடத்திலேயே அது சுழன்றுகொண்டிருக்க, மேசைத் துணியின் உராய்வு அந்தச் சுழற்சியைப் பற்றிக்கொண்டு பந்தை முன்னே தள்ளுகிறது. கண் வைத்து நன்றாகக் கவனித்தால், வெள்ளைப் பந்து ஓர் இமைப்பொழுது தயங்கி, பிறகு கிளம்புவது தெரியும். கடைசியில் அது தன் பழைய வேகத்தில் 7-இல் 2 பங்கையும், சறுக்கலில் தொடங்கிய சிவப்புப் பந்து உராய்வால் மெல்லக் குறைந்து 7-இல் 5 பங்கையும் பெற்று உருளும். 2 மீ/வி என்ற நம் கணக்கில் இவை சுமார் 0.57, 1.43. மோதலின்போது நடந்ததையும் மோதலுக்குப் பின் துணி செய்ததையும் தனித்தனியே வைத்துப் பார்ப்பதுதான் இங்கே முக்கியம். மோதல் நடக்கும் நேரம் மிக மிகக் குறுகியது. அந்நேரத்துக்குள் உராய்வால் எதுவும் செய்ய முடியாது.

ஓரமாகப் படும் அடி இன்னும் சுவையானது. தொடும் கணத்தில் இரு பந்துகளின் மையங்களையும் இணைத்து மனத்தில் ஒரு கோடு வரையுங்கள். வழவழப்பான பந்துகளுக்கு இடையிலான விசை இந்தக் கோட்டின் வழியாக மட்டுமே செயல்படும். 2.5 மீ/வி வேகத்தில் வரும் வெள்ளைப் பந்தின் திசைவேகத்தை இந்தக் கோட்டின் வழியாக 2.0 என்றும், அதற்குச் செங்குத்தாக 1.5 என்றும் பிரிக்கும்படியான கோணத்தில் அடி விழுந்தது எனக் கொள்வோம். கோட்டின் வழியாக உள்ள 2.0 முழுவதும் சிவப்புக்குப் போய்விடும்; செங்குத்தான 1.5 வெள்ளையிடம் அப்படியே இருக்கும். பந்துகள் இரண்டும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் பிரிகின்றன. 2.0, 1.5 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 6.25, அதாவது 2.5-இன் வர்க்கம், ஆகவே ஆற்றலும் சரியாக இருக்கிறது.

இப்போது வெள்ளைப் பந்தின் உந்த மாற்றம் என்ன? அதன் வேகம் 2.5-இலிருந்து 1.5 ஆகக் குறைந்தது என்பதால் 0.14 × 1 = 0.14 என்று போடத் தோன்றும். அது தவறு. மையக்கோட்டின் வழியாக அது இழந்தது 2.0 மீ/வி, ஆகவே மாற்றம் 0.14 × 2.0 = 0.28, அதன் திசை சிவப்புப் பந்து சென்ற திசைக்கு நேர் எதிர். வேகங்களைக் கழிப்பதும் திசைவேகங்களைக் கழிப்பதும் ஒன்றல்ல என்பதைக் காட்ட இதைவிட அழகான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: பச்சைத் தேயிலை ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். கொண்டை ஊசி வளைவில் பேருந்தும் காரும் நேருக்கு நேர் மோதினால் கார்தான் அப்பளமாக நொறுங்குகிறது. பேருந்துக்கு முகப்பு நசுங்குவதோடு சரி. அப்படியிருக்க இரண்டின் உந்த மாற்றமும் சமம் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி? மேலும், சாலை சரிவாக இருக்கும்போது இந்தக் கணக்கு செல்லுமா?
— ஓட்டுநர், குன்னூர்

பதில்: உந்த மாற்றம் சமம், வேக மாற்றம் சமமன்று. வண்டியையும் அதில் இருப்பவர்களையும் பாதிப்பது வேக மாற்றம்தான். எண்களைப் போட்டுப் பார்த்தால் ஐயம் தீரும்.

பயணிகளுடன் 9,000 கி.கி. நிறையுள்ள சிறிய பேருந்து மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் இறங்கி வருகிறது, 1,000 கி.கி. கார் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஏறுகிறது என்று கொள்வோம். விநாடிக் கணக்கில் இவை 5 மீ/வி, 10 மீ/வி. இறங்கும் திசையை நேர்க்குறியாகக் கொண்டால் பேருந்தின் உந்தம் 45,000; காரின் உந்தம் −10,000; மொத்தம் 35,000. இரண்டும் சிக்கிக்கொண்டு ஒன்றாக நகர்ந்தால் 35,000-ஐ 10,000-ஆல் வகுக்க, பொதுத் திசைவேகம் 3.5 மீ/வி. பேருந்தின் உந்த மாற்றம் 9,000 × (3.5 − 5) = −13,500. காரின் உந்த மாற்றம் 1,000 × (3.5 + 10) = +13,500. சமமாக இருக்கிறது, பாருங்கள்.

ஆனால் பேருந்தின் வேகம் மாறியது வெறும் 1.5 மீ/வி, காரின் திசைவேகம் மாறியதோ 13.5 மீ/வி. மேலே ஏறிக்கொண்டிருந்த கார் நின்று, பின்னோக்கித் தள்ளப்பட்டுவிட்டது. இந்த மாற்றம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நடந்தால் இரண்டின் மீதும் சராசரியாக 1,35,000 நியூட்டன் விசை செயல்பட்டிருக்கும். அதே விசை காருக்குத் தரும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ 14 மடங்கு. பேருந்துக்குத் தருவது ஒன்றரை மடங்கு. காரில் பெல்ட் அணிந்து அமர்ந்திருக்கும் 60 கிலோ எடையுள்ள ஒருவரை அந்த நேரத்தில் அவ்வாறு நிறுத்தித் திருப்ப, அந்தப் பெல்ட் ஏறத்தாழ 8,100 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். 800 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தூக்கிப் பிடிப்பதற்கு அது சமம். பெல்ட் இல்லாமல் கைகளால் முன்னால் ஊன்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

நொறுங்குவதற்கான ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதையும் இதே எண்களிலிருந்து காணலாம். மோதலுக்கு முன் மொத்த இயக்க ஆற்றல் 1,62,500 ஜூல். பின் 61,250 ஜூல். இடையில் மறைந்த 1,01,250 ஜூல்தான் தகரத்தை மடக்கவும் கண்ணாடியை உடைக்கவும் செலவாயிற்று. பேருந்தின் அடிச்சட்டம் உறுதியானது என்பதால் அதில் பெரும்பங்கு காரின் பக்கமே போய்ச் சேர்கிறது.

சரிவு பற்றிய உங்கள் இரண்டாவது கேள்வி மிக நுட்பமானது. 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏறும் சரிவு என்று கொண்டால், இரு வண்டிகளின் மொத்த எடையில் சுமார் 12-இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8,000 நியூட்டன், கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அது வெளிவிசைதான். ஆனால் மோதல் நடக்கும் 0.1 விநாடியில் அது சேர்க்கும் உந்தம் சுமார் 800 மட்டுமே. மொத்தமான 35,000-இல் இது இரண்டு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். எனவே மோதும் கணத்துக்குக் கணக்கு செல்லும். அதே 8,000 நியூட்டன் மூன்று விநாடி இழுத்தால் 24,000 சேர்ந்துவிடும். மோதிய பின் வண்டிகள் எங்கே போய் நிற்கும் என்பதைச் சரிவைச் சேர்க்காமல் சொல்லவே முடியாது. பிரேக்கை அழுத்தியபடி மோதினாலும் இவ்வாறே கவனம் தேவை. சக்கரங்கள் பூட்டிக்கொண்ட 9,000 கி.கி. பேருந்துக்குச் சாலையின் உராய்வு 60,000 நியூட்டன் அளவுக்கு இருக்கக்கூடும், 0.1 விநாடியில் அது 6,000. இதைப் புறக்கணித்துவிட்டுக் கணக்குப் போட்டால் விடை உண்மையிலிருந்து விலகிவிடும்.

கேள்வி: குன்னூரில் மலை ரயிலின் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். பெட்டிகளோடு இணையும்போது லேசாக ஒரு குலுக்கல் தெரிகிறது. அதுவும் மோதல்தானா?
— வாசகி, வெலிங்டன்

பதில்: ஆம், ஒட்டிக்கொள்ளும் மோதலுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. 60 டன் எஞ்சின் 0.5 மீ/வி வேகத்தில் வந்து, பிரேக் போடாமல் நிற்கும் 40 டன் பெட்டிகளோடு இணைகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மொத்த உந்தம் 30,000; மொத்த நிறை 1,00,000 கி.கி.; எனவே இணைந்தபின் வேகம் 0.3 மீ/வி. எஞ்சினின் மாற்றம் −12,000. பெட்டிகளின் மாற்றம் +12,000. இயக்க ஆற்றல் 7,500 ஜூலிலிருந்து 4,500 ஆகிறது. நீங்கள் உணர்ந்த குலுக்கலும் கேட்ட ஓசையும் மீதி 3,000 ஜூலின் வேலை. பெட்டிகளுக்கு பிரேக் போட்டிருந்தால், தண்டவாளம் என்ற மூன்றாவது பொருளும் கணக்கில் வந்துவிடும்; அப்போது எஞ்சின் இழந்த உந்தம் தண்டவாளத்தின் வழியாக மலைக்கே போய்ச் சேர்கிறது.

கேள்வி: எங்கள் பகுதியில் இரவில் காட்டெருமைகள் நடுச்சாலையில் நிற்கும். பைக்கில் வருபவர் மோதினால் உந்த மாற்றம் ஹெல்மெட் அணிந்தாலும் அணியாவிட்டாலும் ஒன்றுதானே? பின் ஹெல்மெட் எப்படிக் காப்பாற்றுகிறது?
— வாசகர், மஞ்சூர்

பதில்: மோதலை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த ஆண் காட்டெருமை 800 கிலோவுக்கும் மேல் இருக்கும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வந்த 130 கிலோ பைக் அதன் மீது மோதி ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஓட்டுபவரோ பைக்கோடு பிணைக்கப்பட்டவர் அல்லர். 70 கிலோ எடையுள்ள அவரிடம் 700 கி.கி. மீ/வி உந்தம் அப்படியே இருக்கிறது. வேறு ஏதாவது ஒன்று அதை எடுக்கும் வரை அவர் முன்னோக்கிப் பறந்துகொண்டுதான் இருப்பார். பைக்கையும் ஆளையும் ஒரே பொருளாக 200 கிலோ என்று கூட்டிக் கணக்குப் போடுவது இங்கே உதவாது.

தலை தரையில் மோதுவது இரண்டாவது மோதல். தலையின் நிறை சுமார் 5 கி.கி.; ஆள் உயரத்திலிருந்து விழும் தலை சாலையைத் தொடும்போது அதன் வேகம் ஏறத்தாழ 6 மீ/வி. நின்றாக வேண்டும் என்பதால் உந்த மாற்றம் 30. இதில் ஹெல்மெட்டால் எதையும் குறைக்க முடியாது, நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஹெல்மெட்டின் உட்புறத்தில் தெர்மாகோல் போன்ற கெட்டியான அடுக்கு ஒன்று இருக்கிறதே, அது சுமார் 25 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால், தலை நிற்பதற்கு 0.0083 விநாடி கிடைக்கிறது; சராசரி விசை 3,600 நியூட்டன். அது இல்லாமல் 5 மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும் என்றால் கிடைக்கும் நேரம் 0.0017 விநாடி, விசை 18,000 நியூட்டன். ஐந்து மடங்கு. தலையைக் காப்பது வெளி ஓட்டின் கடினம் மட்டுமன்று. உள்ளே இருக்கும் அடுக்கு நசுங்குவதும்தான். ஒருமுறை விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டில் அந்த அடுக்கு ஏற்கெனவே நசுங்கியிருக்கும் என்பதால், வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: துப்பாக்கிக் குண்டின் வேகத்தை, மின்னணுக் கருவிகள் இல்லாத காலத்தில் மோதல் கணக்கைக் கொண்டே அளந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அது எப்படி?
— வாசகர், அரவங்காடு

பதில்: அந்த முறையை 1742-இல் தம் நூலில் விளக்கியவர் ஆங்கிலேயப் பொறியாளர் பெஞ்சமின் ராபின்ஸ். அவருக்கும் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்த அவர், 1751-இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காலமானார்.

கனமான மரக்கட்டையை ஊசலைப்போல் தொங்கவிட்டு, அதில் குண்டைச் சுட வேண்டும். குண்டு கட்டைக்குள் புதைந்துகொள்ள, கட்டை மெல்லப் பின்னோக்கி ஆடி எழும்பும். அது எழும்பும் உயரத்தை அளந்துவிட்டால் போதும். 10 கிராம் குண்டு 1.99 கி.கி. கட்டையில் புதைந்து, கட்டை 20.4 சென்டிமீட்டர் எழும்பியது என்று வைத்துக்கொள்வோம். உயரத்தை 9.8-ஆலும் பின் 2-ஆலும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், குண்டு புதைந்தவுடன் கட்டையின் வேகம் 2 மீ/வி என்று கிடைக்கும். குண்டும் கட்டையும் சேர்ந்த நிறை 2 கி.கி.; ஆகவே உந்தம் 4. மோதலுக்கு முன் அந்த உந்தம் முழுவதும் குண்டினுடையது, 4-ஐ 0.01-ஆல் வகுக்க, குண்டின் வேகம் 400 மீ/வி. உந்த மாற்றம் குண்டுக்கு 0.01 × (2 − 400) = −3.98; கட்டைக்கு 1.99 × 2 = +3.98.

இந்தக் கணக்கில் இரண்டு கட்டங்கள் இருப்பதைக் கவனியுங்கள். குண்டு புதையும் கணத்துக்கு உந்த மாறா விதியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். கட்டை எழும்பும் நேரத்துக்கு ஆற்றல் மாறா விதியைப் பயன்படுத்த வேண்டும். இவற்றை மாற்றிப்போட்டு, குண்டின் இயக்க ஆற்றல் முழுவதும் கட்டையை உயர்த்தியது என்று கொண்டால், குண்டின் வேகம் வெறும் 28 மீ/வி என்ற பொருந்தாத விடை வரும். உண்மையில் குண்டிடம் இருந்தது 800 ஜூல். புதைந்தபின் இரண்டிடமும் சேர்ந்து எஞ்சியது 4 ஜூல். மீதி 796 ஜூல் மரத்தைத் துளைப்பதிலும் சூடாக்குவதிலும் போய்விட்டது.